தமிழ்த்துறைக்காரியை பிளேஸ்மென்ட் ஆபீசர் ஆக்கிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

சாயங்கால_ஷிப்ட் கேட்டது:

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர் நான். ஒன்பது வருடமாக இலக்கணமும் சங்க இலக்கியமும் நடத்திக்கொண்டிருக்கிறேன். போன மாதம் முதல்வர் கூப்பிட்டனுப்பி, “மேடம், பிளேஸ்மென்ட் செல் இனிமேல் உங்கள் பொறுப்பு” என்றார். அதுவரை அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொருளியல் பேராசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார்.

நானே மே மாதம் சம்பளம் வராத பதினொரு மாத ஆள். எனக்கே நிரந்தர வேலை இல்லை, நான் ஊருக்கு வேலை வாங்கித் தரவேண்டுமாம். வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

பொறுப்பு என்று கைக்கு வந்தது ஒரு இரும்பு பீரோ சாவி. உள்ளே மூன்று கோப்புகள், 2019ல் நடந்த வேலைவாய்ப்பு முகாமின் ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று, ‘விருந்தினர்’ என்று அச்சடித்த பேட்ஜ் அரைப் பெட்டி. கோப்புகளில் பாதி புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். அதில் இருந்த எண்களுக்குப் போன் செய்து பார்த்தேன். ஒருவர் மட்டும் எடுத்தார். அவர் அந்த நிறுவனத்தை விட்டு நான்கு வருடம் ஆகிறதாம்.

கடைசி வருடத்தில் 412 பேர். தமிழ், வரலாறு, வணிகவியல், கணிதம், இயற்பியல், கணினி அறிவியல். முக்கால்வாசிப் பேர் வீட்டில் முதல் பட்டதாரிகள். இரண்டு ஷிப்ட் கல்லூரி என்பதால் மீதி நேரத்தில் எல்லோரும் எங்காவது வேலை செய்கிறார்கள். ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுத் தறியில், சிலர் அரிசி ஆலையில், முகூர்த்த நாளில் கேட்டரிங்கில். செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலைக்குப் போய்வருகிற பெண்களும் உண்டு. திங்கட்கிழமை முதல் மணி நேரத்தில் யார் தூங்குகிறார்களோ அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் பரிமாறியவர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

போன வருடம் ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். அரங்கில் உட்காரவைத்து ஒரே மதியத்தில் 38 பேருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டுப் போனார்கள். செய்தித்தாளில் படம்கூட வந்தது. போன வாரம் அந்த 38 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன். சேர்ந்தது 11 பேர். இன்றைக்கு அங்கே இருப்பது 3 பேர். விடுதி வாடகை, சாப்பாடு, இரவு ஷிப்ட் என்று எல்லாம் போகக் கையில் நிற்பது உள்ளூர் ஜவுளிக்கடைச் சம்பளத்தைவிடக் குறைவு என்றார்கள்.

நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்ததிலிருந்து பருவத்துக்கு ஒரு திறன் பாடம் நடக்கிறது. ஆங்கிலம், ஆபீஸ் மென்பொருள் எல்லாம் அதில் உண்டு. திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அதில்லாவிட்டால் இதுவும் கிடையாது. ஆனால் எங்கள் லேபில் ஓடுகிற கணினிகள் 22. பிள்ளைகள் கைபேசியிலேயே வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். எக்செல் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு பையனை லேபில் உட்காரவைத்து, பத்து எண்ணைக் கூட்டு என்றேன். கைபேசி கால்குலேட்டரில் கூட்டி, வந்த விடையை எக்செல் கட்டத்தில் தட்டச்சு செய்தான். விடை சரிதான்.

முதல்வருக்கு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் 5.2.1 என்கிற கேள்விக்கு எண் வேண்டும். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். என்னிடம் பணம் கிடையாது. இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால், முதல் மூன்று மாதத்தில் எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை_வணிகவியல் எழுதியது:

அம்மா, மதுரையில் ஒரு உதவிபெறும் கல்லூரியில் பதினேழு வருடம் இதே நாற்காலியில் இருந்து ஓய்வுபெற்றவன். முதல் வேலையாக அந்த 38 பேரைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள் பாருங்கள், அதை நான் செய்வதற்கு எட்டு வருடம் ஆயிற்று. ஆஃபர் வந்த எண்ணிக்கையை எழுதி, மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பிவிடுவதுதான் அப்போது என் வேலை. ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று என்று எழுதுவோம். ‘தகுதியுள்ளவர்களில்’ என்று ஒரு சொல் சேர்த்தால் எந்தக் கல்லூரியும் நூறு விழுக்காடு காட்டலாம். அரியர் வைத்தவன், பெயர் கொடுக்காதவன், வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்றவள், எல்லோரும் கணக்கிலிருந்து போய்விடுவார்கள்.

5.2.1 விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், உங்கள் முதல்வர் நிம்மதியாகத் தூங்கட்டும். அது வேலையை மட்டும் கேட்பதில்லை, மேல்படிப்புக்குப் போனவர்களையும் சேர்த்தே கேட்கிறது. உங்களிடமிருந்து எம்.ஏ., எம்.எஸ்சி., பி.எட். சேர்ந்த பிள்ளைகள் நிச்சயம் நூறு பேராவது இருப்பார்கள். அவர்களுடைய சேர்க்கை ஆதாரத்தை வாங்கி அடுக்குங்கள். எண்ணுக்காக, எவனோ ஒரு ஏஜென்சிக்காரன் லெட்டர்பேடில் அடித்துத் தரும் ஆஃபரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வருகிற நாக் குழு பத்துப் பேருக்குப் போன் போட்டால் மானம் போய்விடும்.

இனி வேலை. கம்பெனியைத் தேடி இப்போது போகாதீர்கள். முதல் மாதம் முழுக்கப் பெயரைப் பாருங்கள்.

விளையாட்டில்லை. மதிப்பெண் சான்றில் ‘எஸ். பிரியா’ என்றிருக்கும். ஆதாரில் ‘பிரியா எஸ்’. பான் அட்டையில் அப்பா பெயரை விரித்து ‘பிரியா சங்கர்’. கம்பெனியின் இணையப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு ஏது கடைசிப் பெயர்? ஒருத்தி இனிஷியலைப் போடுவாள், ஒருத்தி அப்பா பெயரை, ஒருத்தி தன் பெயரையே இரண்டு தடவை. ஒரு பையன் ஊர்ப் பெயரைப் போட்டான். தேர்வாகி, பின்னணிச் சரிபார்ப்பில் பெயர் ஒட்டவில்லை என்று நின்றுபோனான். வருங்கால வைப்புநிதிக் கணக்குக்கு ஆதாரில் இருக்கிற பெயர்தான் வேண்டும். ஆதாரில் பெயரை இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு தடவைதான். ஆகவே அவசரத்தில் கண்டபடி மாற்றவும் கூடாது. பத்தாம் வகுப்புச் சான்றில் இருப்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு இழுங்கள். இதைக் கடைசி வருடத்தில் அல்ல, சேரும்போதே செய்யவேண்டும். உங்களுக்கு இப்போது 412 பேர்தான் கையில், சரி, அவர்களிடம் தொடங்குங்கள்.

அப்புறம் மின்னஞ்சல். பாதிப் பேர் பிரவுசிங் சென்டர்காரர் உண்டாக்கிக் கொடுத்த முகவரியை வைத்திருப்பார்கள். கடவுச்சொல் அவரிடம் இருக்கும், அல்லது யாரிடமும் இருக்காது. இன்டர்வியூ அழைப்பு அதற்குத்தான் போகும்.

இரண்டாவது மாதம் ஒரு தாளில் நான்கே கேள்வி கேளுங்கள். என்ன வேலை இப்போது செய்கிறாய், எவ்வளவு வருகிறது, வெளியூர் போக வீட்டில் விடுவார்களா, அடுத்த இரண்டு வருடம் என்ன செய்ய நினைக்கிறாய். நான்காவதுக்கு முக்கால்வாசிப் பேர் ‘டி.என்.பி.எஸ்.சி.’ என்று எழுதுவார்கள். அதில் உண்மையாகப் படிக்கிறவர்கள் கொஞ்சம், மற்றவர்களுக்கு அது கல்யாண வீட்டில் ‘என்ன பண்ற’ என்று கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு பதில். 2024 குரூப் 4க்கு முதலில் அறிவித்தது 6,244 இடம். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிவிட்டு வேறொன்றும் பேசாமல் வகுப்பை விட்டு வந்துவிடுவேன். உண்மையாகப் படிக்கிறவர்களை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். இலவசம்தான், ஆனாலும் தானாகப் போகமாட்டார்கள். முதல் நாள் நீங்கள் கூடப் போனால் இரண்டாம் நாள் அவர்கள் போவார்கள்.

கடைசியாக ஒன்று. தமிழ்த்துறைக்காரி என்று ஏதோ குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கல்லூரிக்கு மென்திறன் பயிற்சி என்று கோட் போட்டு வந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பத்தியை உருப்போடவைத்தார்கள். பிள்ளைகள் அதைத் தேசியகீதம் மாதிரி ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். நான் கடைசி நாலு வருடம் அதை நிறுத்திவிட்டு, நேற்று நீ செய்த ஒரு வேலையை இரண்டு நிமிடம் தமிழில் சொல் என்றேன். தமிழிலேயே வராது. அங்கே தொடங்கவேண்டும். கோவையாகச் சொல்ல வந்துவிட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றுவது ஆறு மாத வேலை. இதை உங்களைவிட யார் நன்றாகச் செய்வார்கள்?

ஒரகடம்_எச்ஆர் எழுதியது:

மேடம், நான் எதிர்ப்பக்கத்து ஆள். கார் உதிரிப்பாகம் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை, ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்து 180 பேர். உங்களை மாதிரி கல்லூரியிலிருந்து எனக்கு மாதம் பத்து மின்னஞ்சல் வரும். எல்லாம் ‘மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் கல்லூரி இன்ன வருடம் தொடங்கப்பட்டது’ என்றே ஆரம்பிக்கும். அதைப் படிப்பதில்லை, மன்னிக்கவும்.

நான் படிக்கிற மாதிரி ஒரு வழி சொல்கிறேன். தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் அப்ரன்டிஸ் வைத்தாகவேண்டும், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை. அதாவது எனக்குக் குறைந்தது ஐந்து பேர் தேவை, சட்டத்துக்காகவாவது தேவை. பொறியியல் படித்தவர்கள்தான் வேண்டும் என்பதில்லை, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்.க்கும் வழி இருக்கிறது. ‘உங்களுக்கு இந்த வருடம் அப்ரன்டிஸ் கணக்கு நிரம்பிவிட்டதா? ஸ்டோர்ஸுக்கும் டிஸ்பாட்சுக்கும் நாலு பேர் அனுப்பட்டுமா?’ என்று யாராவது போனில் கேட்டால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன்.

நான் இன்டர்வியூவில் செய்வது ஒன்றுதான். ஒரு டெலிவரி சலானையும் அதற்குரிய பில்லையும் கையில் கொடுத்து, ‘இதைப் பார்த்து என்ன தோன்றுகிறது’ என்பேன். சலானில் 240 எண்ணம், பில்லில் 204. நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் தாளின் அமைப்பைப் பற்றி, கம்பெனி முத்திரையைப் பற்றி ஒரு நிமிடம் பேசிவிட்டுத் திருப்பித் தருவார்கள். ஒரு மாதம் மருந்துக்கடையில் நின்ற பெண், பத்து விநாடியில் விரலை அந்த 204 மேல் வைப்பாள். எனக்கு அவள்தான் வேண்டும்.

ரெஸ்யூமே பற்றி ஒரு வார்த்தை. ஒரே சீனியரிடமிருந்து நகலெடுத்தது ஊர் முழுக்கச் சுற்றுகிறது. போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து வந்த இருபதில் ஆறு ரெஸ்யூமேயின் அடியில், உறுதிமொழிக்குக் கீழே ஒரே பெயர். அந்தப் பெயருக்குரிய பையன் யார் என்று பார்க்க எனக்கு ஆசையாகவே இருந்தது.

தொழிற்சாலை பார்க்க வருவதாக இருந்தால் ஐம்பது பேரை பஸ்ஸில் கொண்டுவந்து வாசலில் குழுப் படம் எடுத்துக்கொண்டு போகவேண்டாம். ஐந்து பேர் வாருங்கள். ஸ்டோர்ஸில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள்.

வரலாறு_வாத்தியார் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலகம் கிடையாது. மூன்று வருடம் ஒரு பிள்ளை புத்தகத்தோடு உட்காரக் கிடைக்கிற ஒரே இடம் அது. நாம் ஒழுங்காகப் பாடம் நடத்தினாலே போதும், மற்றது அரசும் சந்தையும் பார்க்கவேண்டியது. வேலையே இல்லாத ஊரில் ‘வேலைக்குத் தகுதியாக்குகிறேன்’ என்று கிளம்புவது, தப்பு பிள்ளைகள் மேல்தான் என்று சொல்வதில் போய் முடியும். இன்றைக்கு ஸ்டோர்ஸ், நாளைக்கு ஷூ தைக்கும் பாடம் வைக்கச் சொல்வார்கள்.

சாயங்கால_ஷிப்ட் எழுதியது:

ஐயா, மதுரைப் பெரியவரே, அந்தப் பெயர் விஷயத்தை நேற்று ஒரே ஒரு வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். மூன்றாம் வருடக் கணிதம், 46 பேர். எல்லோரும் ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றையும் மேசையில் எடுத்துவைத்தார்கள். 19 பேருக்கு ஒட்டவில்லை. ஒரு பெண்ணுக்கு ஆதாரில் பிறந்த வருடமே வேறு. இத்தனை வருடம் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் புணர்ச்சி விதி நடத்தும்போதுகூட இவ்வளவு கவனமாகத் தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்ததில்லை இவர்கள்.

வரலாற்றுக்காரருக்கு: சார், நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் தோன்றியதுதான், அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. நற்றிணையை நிறுத்திவிட்டு நான் எக்செல் நடத்தப்போவதில்லை. ஆனால் பிள்ளைகள் புத்தகத்தோடு மட்டும் இல்லை சார், ஏற்கெனவே வேலையில்தான் இருக்கிறார்கள். நாம்தான் அதைப் பார்க்காத மாதிரி வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஷூ தைக்கும் பாடம் வந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கொடி பிடிக்கிறேன்.

ஒரகடம் சாருக்கு: அப்ரன்டிஸ் என்றால் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பி.ஏ. வரலாறு படித்த பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கும் என்று யாராவது அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கணக்கு_2021 எழுதியது:

மேடம், நான் அனுபவப்பட்டவள். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், 2021ல் முடித்தேன். கடைசி இரண்டு பருவமும் கொரோனாவில் மொட்டைமாடியில் சிக்னல் தேடியே போனது. எங்கள் கல்லூரியிலும் பிளேஸ்மென்ட் செல் என்று ஒரு அறை உண்டு. ஒரு தடவை எட்டிப் பார்த்தேன், பூட்டியிருந்தது.

தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், என்.ஏ.டி.எஸ்., பற்றி எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு டிப்ளமோ அண்ணன். இணையதளத்தில் நாமே பதிந்துகொள்ளலாம். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிந்து நாலு மாதம் கழித்து ஒரு பொதுத்துறை அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் ஒரு வருடப் பயிற்சி கிடைத்தது. 2019ல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது மாதம் 9,000. நான் சேர்ந்தபோது அதேதான் கொடுத்தார்கள். அந்த 9,000த்தில் பாதி மத்திய அரசின் பங்கு.

இதில் ஒரு இடத்தில் நான் மாட்டினேன், உங்கள் பிள்ளைகள் மாட்டவேண்டாம். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தேன். ஆனால் அரசுப் பணம் வந்து விழுகிற கணக்கு எது என்று வங்கியில் தனியாகப் பதியவேண்டும், அதை ‘சீடிங்’ என்பார்கள். எனக்கு அது பள்ளிக்கூட உதவித்தொகைக்கு ஏழாம் வகுப்பில் திறந்த ஏதோ ஒரு பழைய கணக்கோடு ஒட்டியிருந்தது. அந்தக் கணக்கு செத்துக் கிடந்தது. மூன்று மாதம் வங்கிக்கும் அலுவலகத்துக்கும் நடந்தேன். பெயரைச் சரிபார்க்கும் அன்றைக்கே இதையும் பார்த்துவிடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கும், அந்தப் பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

என்ன கிடைத்தது என்றால், வேலை கிடைக்கவில்லை. வருடம் முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், நிரந்தரம் செய்யவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் ‘கவர்மென்ட் வேலை’ என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள், என் அம்மா சொன்ன மாதிரி.

ஆனால் அந்த ஒரு வருடத்தில் போன் எடுக்கக் கற்றுக்கொண்டேன். சிரிக்காதீர்கள். முதல் நாள் மேசையில் போன் அடித்தது. எடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் அடித்து முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசை அக்கா, “எடுத்து நம்ம செக்ஷன் பேரைச் சொல்லு, அப்புறம் அவங்க பேசுவாங்க” என்றார். வவுச்சருக்கு எண் போடுவது, கோப்பில் குறிப்பு எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அப்படி வந்ததுதான். இப்போது சென்னையில் சரக்குக் கப்பல் ஆவணங்கள் பார்க்கிற ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். இன்டர்வியூவில் அவர்கள் கேட்டது முழுக்க அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த உதவித்தொகையில் சென்னை விடுதி தாங்காது.

சாயங்கால_ஷிப்ட் எழுதியது, ஐந்து வாரம் கழித்து:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு கேள்வித் தாளை 371 பேர் நிரப்பினார்கள். வருமானம் தரும் ஏதோ ஒரு வேலை இப்போது செய்கிறவர்கள் 228 பேர். ரெஸ்யூமே எழுதச் சொன்னபோது அதை எழுதியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒன்பது. “அதெல்லாம் எப்படி மேடம் எழுதறது” என்று கூச்சம். சிலருக்குக் கூச்சம் இல்லை, பயம். தறி நெய்கிறவள் என்று எழுதினால் ஆபீஸில் எடுக்கமாட்டார்கள் என்கிற பயம்.

மதுரை ஐயா சொன்னபடி வியாழக்கிழமைதோறும் கடைசி மணி நேரத்தில் இரண்டு நிமிடப் பேச்சு வைத்தேன். முதல் வாரம் கொடுமை. எல்லோரும் ‘காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்’ என்று பல்லிலேயே இரண்டு நிமிடத்தை முடித்தார்கள். மூன்றாவது வாரம் வணிகவியல் பெண் ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் வாய் திறக்காதவள். ஆரணிப் பக்கம், அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் பட்டுச்சேலை நெய்கிறவர்கள். முதலாளி பாவு நூலும் சரிகையும் நிறுத்துக் கொடுப்பார், சேலையை நெய்து கொடுக்கும்போது மிச்சச் சரிகையை நிறுத்துத் திருப்பவேண்டும். குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தக் கணக்கை எழுதுவது இவள்தான். ஒரு தீபாவளி சமயம் முதலாளி வீட்டு நோட்டில் 40 கிராம் அதிகம் பற்று வைத்திருந்தார்களாம். இவள் தன் நோட்டைக் கொண்டுபோய், எந்தத் தேதியில் எந்தச் சேலைக்கு எவ்வளவு என்று வரி வரியாக விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். கடைசியில் பக்கத்துத் தறிக்காரர் வாங்கியது இவர்கள் பெயரில் ஏறியிருந்தது தெரிந்தது. கூலியில் பிடித்ததைத் திருப்பித் தந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு, “அவ்வளவுதான் மேடம், வேற ஒண்ணும் பெரிசா செய்யல” என்று உட்கார்ந்துவிட்டாள். நேரம் பார்க்க மறந்துவிட்டேன், ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

ஒரகடம் சார், நீங்கள் தனிச்செய்தியில் அனுப்பிய அந்த 240, 204 தாளை அன்றைக்கே அவளிடம் கொடுத்தேன். நீங்கள் சொன்ன பத்து விநாடி ஆகவில்லை. கூடவே, “சலான் தேதிக்கு முந்தின நாள் பில் போட்டிருக்காங்க மேடம்” என்றாள். அதை நானும் கவனிக்கவில்லை. நீங்கள் வேண்டுமென்றே வைத்ததா, தட்டச்சுப் பிழையா?

ஒரகடம்_எச்ஆர் எழுதியது:

தட்டச்சுப் பிழை மேடம். இரண்டு வருடமாக அந்தத் தாளைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை. அவள் செய்ததற்கு, அதாவது இரண்டு பக்கத்து இருப்புக் கணக்கையும் ஒப்பிட்டு நேர்செய்வதற்கு, எங்கள் ஊரில் ஸ்டாக் ரீகன்சிலியேஷன் என்று பெயர். ரெஸ்யூமேயில் அப்படியே எழுதட்டும், தறி என்பதையும் மறைக்கவேண்டாம். அந்தப் பெண்ணையும் இன்னும் நாலு பேரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு நிபந்தனை, அவள் அப்பாவையோ அம்மாவையோ கூட வரச்சொல்லுங்கள். இடத்தையும் கழிப்பறையையும் கடைசி பஸ் நேரத்தையும் அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் மூன்றாம் மாதம் பெண்ணைத் திரும்ப அழைக்கமாட்டார்கள்.

சாயங்கால_ஷிப்ட் எழுதியது:

கண்டிப்பாக. அம்மா வருகிறாராம். அப்பாவுக்குப் பாவு ஏற்றும் நாள்.

திங்கட்கிழமை எங்கள் கல்லூரியிலேயே ஆதார் திருத்த முகாம். தபால் அலுவலகத்தில் நாலு தடவை போய்க் கேட்டு வாங்கினேன். பெயர் ஒட்டாதவர்கள் கணக்கெடுப்பில் 96 பேர் வந்தார்கள், அதில் முதல் நாளுக்கு 40 பேருக்கு டோக்கன். வரலாற்றுத்துறை சார் ஒருவர், நம் தளத்து வாத்தியார் இல்லை, எங்கள் கல்லூரிக்காரர், “இதெல்லாம் நம்ம வேலையா மேடம்” என்று கேட்டுக்கொண்டே வந்து டோக்கன் எழுத உட்கார்ந்திருக்கிறார். பீரோவில் கிடந்த அந்த 2019 முகாம் பேனரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ‘ஆதார் வரிசை – பத்தாம் வகுப்புச் சான்று கையில் இருக்கட்டும்’ என்று பெரிதாக எழுதி வராந்தாவில் கட்டியாயிற்று. விருந்தினர் பேட்ஜ் அரைப் பெட்டிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.